மகரக்கட்டு உடைகிற நேரம்

பள்ளிப் பையன்களை வைத்துச் சின்ன பட்ஜெட்டில் படமெடுக்க வருகிற இயக்குநர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாடகையைப் பற்றி. ரெக்கார்டர் என்ன, மைக் எத்தனை, ஒரு நாளைக்கு எவ்வளவு? நான் திருப்பிக் கேட்பது அவர்களைக் குழப்பிவிடும். "பையனுக்கு மீசை அரும்பிடுச்சா? மூணு மாசத்துக்கு முன்னாடி அவன் பேசின வீடியோ ஏதாவது இருக்கா?" ஒலிப்பதிவுக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோலப் பார்ப்பார்கள். மே மாதம் படம்பிடித்து, நடுவில் பணம் தீர்ந்து, மறுபடி புரட்டி, எடிட்டிங் முடித்து, டிசம்பரில் டப்பிங் அறைக்குக் கூட்டி வரும்போது திரையில் இருக்கிற பையன் வேறு, மைக் முன்னால் நிற்கிற பையன் வேறு. உதடு அவனுடையது, குரல் அவன் அண்ணனுடையது.

பையன்களுக்குப் பெரும்பாலும் 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நொடிக்கு 250 அதிர்வுக்குப் பக்கத்தில் இருந்த பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கி 120 பக்கம் வந்து நிற்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் இறங்கும், ஆனால் மூன்று அரைச்சுரம் அளவுக்குத்தான். பையன்களின் குரல் சீராகவும் இறங்குவதில்லை. "அம்மா, நான் போயிட்டு வாரேன்" என்ற ஒரு வரியில் 'அம்மா' சிறுவனாக வரும், 'வாரேன்' ஆம்பிளையாக முடியும், நடுவில் ஒரு பிசிறு. கணினியில் சுருதியை ஏற்றிச் சரிக்கட்டலாம் என்பார்கள். தொண்டையும் வாயும் மூக்கும் சேர்ந்து வளர்ந்துவிட்டதால் அப்படி ஏற்றினால் கார்ட்டூன் குரல்தான் கிடைக்கும்.

நம்மூருக்கு இது புதுத் தலைவலி இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் நாடகக் கம்பெனிகளில், இப்படிக் குரல் உடைகிற மகரக்கட்டு என்றாலே வாத்தியாருக்கும் கிலி, பையனுக்கும் கிலி. உச்ச சுருதியில் பாடி ஊரைக் கட்டிப்போட்டவன் ஒருநாள் வாயைத் திறந்தால் பாட்டு வராது. வேஷம் இன்னொருவனுக்குப் போய்விடும். சினிமா இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது. பையனை வைத்துக்கொண்டு அவன் குரலை மட்டும் மாற்றியது. சிறுவர்களுக்குப் பெண் டப்பிங் கலைஞர்கள் பேசினார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு முப்பது வயதுக்காரர் பேசினார். அவர்கள் கைதேர்ந்த கலைஞர்கள். காலையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு அழுதுவிட்டு மத்தியானம் காலேஜ் பெண்ணுக்குச் சிரிப்பவர்களை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கதாநாயகனின் சின்ன வயசு என்று பத்து நிமிடம் வந்துபோகிற பையனுக்கு அது போதும். படம் முழுக்க அந்தப் பையனைப் பற்றியது என்றால் போதாது.

தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த வேலை டப்பிங் கூடத்தில் உதவியாளர் வேலை. அங்கேதான் இதை நேரில் பார்த்தேன். கிராமத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். படத்தில் அவன்தான் முக்கிய வேஷம். ஏசி அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பெரிய மனிதர்கள், காதில் ஹெட்போன், எதிரே அவனுடைய முகமே திரும்பத் திரும்ப லூப்பில் ஓடுகிறது. "தம்பி, லிப் விழல. இன்னொருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாய்க்காலில் குதித்துக்கொண்டே கத்திய வரியை, நின்ற இடத்தில் நின்றுகொண்டு, அரை நொடி பிசகாமல், இறங்கிப்போன தொண்டையில் அவன் மறுபடி கத்த வேண்டும். மாலை வரை வரவில்லை. அவசரத்துக்குக் கூப்பிட்ட டப்பிங் அக்கா ஒரு மணி நேரத்தில் முழு ரீலையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். படம் வெளியானபோது எல்லோரும் அந்தப் பையனின் நடிப்பைப் பாராட்டினார்கள். கேட்டது யார் குரல் என்று தெரிந்த எனக்கு அந்தப் பாராட்டு உறுத்தலாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டூடியோவை விட்டு, படப்பிடிப்பிலேயே குரலைப் பிடிக்கும் நேரடி ஒலிப்பதிவுக்கு வந்தேன்.

நேரடி ஒலி தமிழுக்குப் புதிது இல்லை. 'விருமாண்டி' 2004இலேயே அப்படி எடுக்கப்பட்ட பெரிய படம். பெரிய படத்துக்குக் கூட்டத்தை அடக்க ஆள் உண்டு, தெருவை மறிக்கப் பணம் உண்டு. எங்கள் மாதிரி சுயாதீனப் படங்களுக்கு இருப்பது ஒரு பூம் கம்பு, இரண்டு மூன்று லேப்பல் மைக், நாலைந்து ஜமுக்காளம், நிறையப் பொறுமை.

ஜமுக்காளம் எதற்கு என்று கேட்கலாம். அரசுப் பள்ளி வகுப்பறை ஒலிப்பதிவாளருக்கு வாய்த்த தண்டனை. நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே கான்கிரீட், இரும்புக்கால் பெஞ்சு. ஒரு பையன் முணுமுணுத்தால் அது நாலு சுவரிலும் முட்டிவிட்டு வந்துதான் மைக்கில் விழும். அதனால் கேமராவுக்குப் படாத பக்கமெல்லாம் ஜமுக்காளத்தைத் தொங்கவிடுவோம். பெஞ்சுக் காலுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுவோம். ஜெனரேட்டரை மைதானத்தின் அந்தக் கோடிக்குத் தள்ளுவோம். கடைசியாக மின்விசிறியை நிறுத்துவோம். பள்ளி கிடைப்பது கோடை விடுமுறையில்தான் என்பதால் இது மே மாத வெயிலில் நடக்கும். நாற்பது பிள்ளைகள், ஃபேன் கிடையாது, ஜன்னலும் சாத்தியிருக்கும். 'கட்' சொன்ன நிமிஷம் எல்லோரும் சுவிட்சைப் பார்த்து ஓடுவார்கள். ஒரு படத்தில் எனக்கு 'ஃபேன் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் கூம்பு ஒலிபெருக்கி. விழாக் கமிட்டித் தலைவரோடு டீ குடித்து, பேரனைப் பற்றி விசாரித்து, அரை மணி நேரம் பாட்டை நிறுத்தி வாங்குவது என் தொழிலில் ஒரு பாதி. தெற்கு மாவட்டங்களில் இப்போது மயில் தொல்லை வேறு. அதற்கு எந்தக் கமிட்டியிடம் மனுக் கொடுப்பது?

சீருடை இன்னொரு வில்லன். பாலியெஸ்டர் கலந்த சட்டை அசைந்தாலே மொறுமொறுக்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை பொத்தானில் இடித்து டிக், டிக் என்று கேட்கும். பெண் பிள்ளைகளின் துப்பட்டாவை V வடிவத்தில் மடித்துப் பின் குத்தியிருப்பார்கள். அந்த மடிப்புக்கு அடியில் மைக்கை வைத்தால் மூச்சு விடும்போதெல்லாம் துணி உரசும். வேர்வையில் ஒட்டுநாடா நழுவும். பையன்களுக்கு என் உதவியாளன் மைக் பொருத்துவான், பெண்களுக்கு நான். எத்தனை முறை பொருத்தினாலும் அத்தனை முறையும் கேட்டுவிட்டுத்தான் கை வைப்போம். அந்த வயதில் உடம்பே புதிதாக வந்து சேர்ந்த சாமான். அதில் அடுத்தவர் கை படுவது சின்ன விஷயம் இல்லை.

இத்தனை பாடும் படுவது பேச்சுக்காக. பதின்வயதுப் பிள்ளைகள் பேசும் விதம் சினிமாப் பேச்சுக்கு நேர் எதிரானது. சினிமாவில் ஒருவர் முடித்ததும் இன்னொருவர் தொடங்குவார். இவர்கள் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள், நாலு பேருக்கும் எல்லாம் புரியும். பெரியவர் யாராவது கேள்வி கேட்டால் நெஞ்சைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். முக்கியமான சொல்லைச் சிரிப்புக்குள் ஒளித்துவிடுவார்கள். பழைய பழக்கத்தில் வந்த இயக்குநர் "சத்தமா, தெளிவா சொல்லு தம்பி" என்பார். பையன் உடனே நெஞ்சை நிமிர்த்திப் பேச்சுப்போட்டிக் குரலில் சொல்வான். தெளிவாகத்தான் இருக்கும், படம் அத்தோடு செத்துப்போகும். அதனால் நான் இயக்குநரிடம் சொல்வது: "அவன் எப்படிப் பேசுறானோ பேசட்டும், மைக்கை நான் கிட்டக் கொண்டு போறேன்." ஒவ்வொருவருக்கும் தனி மைக், தனி டிராக். நாலு பேரும் ஒன்றாகக் கத்தினாலும் பின்னால் பிரித்துக்கொள்ளலாம்.

போ பர்னம் இயக்கிய 'எய்த் கிரேடு' (2018) என்ற அமெரிக்கப் படத்தை என் உதவியாளர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். அதில் எட்டாம் வகுப்புப் பெண்ணாக நடித்த எல்சி ஃபிஷர் அப்போதுதான் நிஜத்திலும் அந்த வகுப்பை முடித்திருந்தார். முகப்பருவை மேக்கப்பில் மறைக்கவில்லை. அந்தப் பெண் யூடியூபுக்கு அறிவுரை வீடியோ எடுக்கும் காட்சிகளில் வாக்கியம் எங்கேயும் ஒழுங்காக முடியாது. திக்கும், சுற்றும், 'அதாவது' 'வந்து' என்று இழுக்கும், தொடங்கிய இடத்துக்கே திரும்பும். தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், அந்த இழுவையோ அவளுக்கு அது இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று அந்தத் திக்கல்களை வெட்டியிருந்தால் காட்சியில் எதுவும் மிஞ்சியிருக்காது.

வட்டார வழக்கும் இப்படித்தான். இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் கென் லோச் எடுத்த 'கெஸ்' (1969) படத்தில் ஒரு பையன் வல்லூறு ஒன்றைப் பழக்குகிறான். நடித்த டேவிட் பிராட்லி அந்த ஊர்ப் பள்ளி மாணவர். பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு. வெளிநாட்டு விநியோகத்துக்காகச் சில வசனங்களை மென்மையான உச்சரிப்பில் மறுபடி பேசிச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆங்கிலேயர் ஆங்கிலத்துக்கே இந்தக் கதி. ஆறுமுகநேரிப் பையன் "யக்கா, அவன் என்னய வையுதான்" என்றால் சென்னையில் எடிட்டிங் மேசையில் இருப்பவர் "புரியுமா?" என்று கேட்கத்தான் செய்வார். என் அனுபவத்தில் ரசிகனுக்குப் புரியாமல் போவது வழக்குச் சொல்லால் அல்ல, மோசமான ஒலிப்பதிவால். சொல் சுத்தமாக விழுந்திருந்தால் முதல் பத்து நிமிஷத்தில் காது பழகிவிடும்.

பேச்சே இல்லாத இடமும் எங்கள் வேலைதான். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம். குடிகார அப்பனும் மகனும் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள். பையன் செல்லப்பாண்டிக்கு வசனம் மிகக் குறைவு. அவன் கோபம் முழுக்க நடையில் இருக்கிறது: அப்பனுக்கு எத்தனை அடி பின்னால் வருகிறான், எப்போது நிற்கிறான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஒவ்வொரு படப்பிடிப்பிலும் நான் பிள்ளைகளின் நடைச் சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்யத் தொடங்கினேன். ரப்பர் செருப்பில் ஒருத்தி, வார் அறுந்ததைப் பின் குத்திப் போட்டவன் ஒருவன், பாட்டா ஷூவைக் குதிகாலில் மிதித்து நடப்பவன் ஒருவன். ஸ்டூடியோவில் படத்தைப் பார்த்து இந்தச் சத்தங்களை உண்டாக்கும் ஃபோலி கலைஞர் நன்றாகவே நடப்பார். ஆனால் வீட்டுக்குப் போகப் பிடிக்காத பதினைந்து வயதுக்காரன் காலை இழுக்கும் இழுவை அவன் காலில்தான் இருக்கிறது.

இனி, இந்தத் தொழிலில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். லேப்பல் மைக் பொருத்திய பத்தாவது நிமிஷத்தில் பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள். 'கட்' சொன்ன பிறகும் மைக் உயிரோடுதான் இருக்கும். கேமராமேனுக்குக் காட்சி முடிந்தது, எனக்கு முடியவில்லை. யார் யாரைப் பார்க்கிறாள், யார் வீட்டில் நேற்று அடி, யார் தேர்வில் பிட் அடித்தான் என்று எல்லாம் என் ஹெட்போனில் ஓடும். கொஞ்சம் விவரமான பிள்ளைகள் "யக்கா, மைக் ஆன்ல இருக்கா? ஒண்ணுக்குப் போணும்" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள்.

ஒரு படத்தில் இடைவேளையின்போது குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒருத்திக்குக் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. அழவில்லை, கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்லும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஃபேடரை இறக்குவதற்குள் இயக்குநர் ஓடிவந்தார். அவர் ஹெட்போனுக்கும் அதே ஒலி போய்க்கொண்டிருந்தது. "இது தங்கம். எவ்வளவு எழுதினாலும் இப்படி வராது. வைல்ட் டிராக்கா வெச்சு ஒரு பஸ் ஷாட் மேல போட்டுக்கலாம்" என்றார். அவர் சொன்னது உண்மை, எழுதி அது வராது. நான் முடியாது என்றேன். வாக்குவாதம் பெரிதாயிற்று. கடைசியில் அந்தப் பெண்ணிடமே கேட்டோம். "வேண்டாம்க்கா" என்றாள். அவள் கண் முன்னாலேயே கார்டிலிருந்து அழித்தேன். இயக்குநர் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து என் படப்பிடிப்பில் 'கட்' விழுந்ததும் இயக்குநருக்குப் போகிற ஒலியும் அறுந்துவிடும். ஹெட்போனில் கேட்டது ஹெட்போனோடு போய்விட வேண்டும்.

இளம்பிள்ளைகளைப் பற்றிய மகத்தான படங்கள் சிலவற்றில்கூட பிள்ளையின் சம்மதம் என்ற இந்தக் கோடு அழிந்திருக்கிறது. 'கெஸ்' படத்தில் தலைமையாசிரியர் பையன்களைப் பிரம்பால் அடிக்கும் காட்சியில் விழுந்தது நிஜ அடி. படத்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை உண்டு, இருந்தும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது என் கை ஒலியைக் குறைக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரான்சுவா த்ருபோவின் 'த 400 புளோஸ்' (1959) படத்தின் பெரும்பகுதிக்குக் குரல் பின்னால்தான் சேர்க்கப்பட்டது. சீர்திருத்தப் பள்ளியில் உளவியல் நிபுணர் கேள்வி கேட்கும் காட்சி மட்டும் வேறு ரகம். கேள்விகளை த்ருபோவே கேட்டார். பதினான்கு வயது ழான் பியர் லியோ மனப்பாடம் செய்யாத பதில்களைச் சொந்தச் சொற்களில் சொன்னான். பின்னால் த்ருபோவின் குரலை எடுத்துவிட்டுப் பெண் குரலைப் போட்டார்கள், பையனின் பதில்களைத் தொடவில்லை. அறுபத்தைந்து வருஷம் கழித்தும் அந்தப் பதில்களில் உயிர் இருக்கிறது. தன்னைப் படம்பிடிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் பேசினான். குழாயடிப் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வருகிறது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை நடிக்க வைக்க மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்புநிதியாகப் போக வேண்டும். அதன் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்க வைக்கக் கூடாது. 2017இல் வந்த விதிகள் இவை. 14 முடிந்த பிள்ளைக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது என்று தயாரிப்பு நிர்வாகிகள் நினைவூட்டுவார்கள். பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் ஒரு பையன் பெரியவனாகிவிடுவதில்லை, எனக்கு அவன் நேற்றைய பையன்தான். ஐந்து மணி நேரம் என்ற கணக்கு ஒலிக்கும் நல்லது. களைத்த பிள்ளையின் குரலில் ஒரு தட்டை வந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை டேக் போனாலும் குப்பைதான்.

ஒலிப்பதிவு செய்பவர் வேற்றாளாக இல்லாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் அசாமியப் படம். ரீமா தாஸ் தன் சொந்த ஊரான சாய்காவ்ன் பக்கத்தில் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' (2017) எடுத்தபோது படக்குழு என்று சொல்லும்படி யாரும் இல்லை. கேமரா, இயக்கம், எடிட்டிங் எல்லாம் அவரே. கிட்டார் வாங்க ஆசைப்படும் பெண்ணாக உறவுக்காரச் சிறுமி பனிதா தாஸ். ஒலிப்பதிவு இன்னோர் உறவுக்காரப் பெண் மல்லிகா தாஸ். வேலையைப் படப்பிடிப்பிலேயே கற்றுக்கொண்டவர். சிறந்த படம், சிறந்த குழந்தை நட்சத்திரம், சிறந்த எடிட்டிங் ஆகியவற்றோடு களத்து ஒலிப்பதிவுக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. என் தொழிலில் இருக்கிற பலருக்கு அந்தச் செய்தி அதிர்ச்சி. எனக்குக் குஷி. அதிலிருந்து போகிற ஊரிலெல்லாம் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியையோ பையன் ஒருவனையோ பூம் பிடிக்கப் பழக்குகிறேன். கம்பைத் தூக்கி நிற்கத் தோள்பட்டை வலு போதும். யார் அடுத்து வாயைத் திறப்பார்கள் என்று முன்கூட்டித் தெரிவதுதான் கஷ்டம். அது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

அந்த முன்னறிவு கொரேடா பாணியில் வேலை செய்யும்போது கட்டாயத் தேவை. ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கொரேடா குழந்தைகள் கையில் திரைக்கதையைக் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் காதில் சொல்வார். நம் இளம் இயக்குநர்களில் நிறையப் பேருக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. பிள்ளைகள் ஒப்பிப்பதில்லை, உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொல்கிறார்கள். பூம் பிடிப்பவனுக்கோ யார் எப்போது பேசுவார்கள் என்ற தாளே கிடையாது. அவர் எடுத்த 'நோபடி நோஸ்' (2004) படத்தில் அம்மா விட்டுப்போன வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பையனாக யூயா யாகிரா நடித்தார். கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியபோது அவருக்கு 14 வயது. இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த கோடை வரை, கதை வரிசையிலேயே எடுத்தார்கள். பையன் வளர்வதும் குரல் கனப்பதும் அதில் தெரிகிறது. மேக்கப்பால் செய்ய முடியாததைக் காலண்டர் செய்திருக்கிறது.

அதைத்தான் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 'பாய்ஹுட்' படத்தில் முழு வழிமுறையாக்கினார். 2002இல் ஆறேழு வயதுப் பையனோடு தொடங்கி, வருஷத்துக்குச் சில நாள் என்று 2013 வரை எடுத்து, 2014இல் வெளியிட்டார். எந்த இடத்தில் எல்லார் கோல்ட்ரேனின் குரல் உடைகிறது என்று பார்க்கிறவர் கவனிப்பதே இல்லை. ஒரு காட்சியில் சிறுவன், கொஞ்ச நேரம் கழித்துக் கரகரப்பு. நம்மிடம் ஹலிதா ஷமீம் 'மின்மினி'யின் பள்ளிப் பகுதியை எடுத்துவிட்டு, அதே பிள்ளைகள் வளரும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மீதியை எடுத்தார். படம் 2024இல் வந்தது. தமிழ்த் திரையுலகில் வட்டிக்குக் காசு வாங்கிப் படமெடுப்பவர்கள் நடுவில் அப்படிக் காத்திருப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று தயாரிப்பு அலுவலகங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லோராலும் காத்திருக்க முடியாது. மே மாதம் நாலு வாரம், அப்புறம் காலாண்டு விடுமுறையில் ஒரு வாரம் என்றுதான் எங்கள் படங்கள் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. ஆகவே வேலையை ஏற்பதற்கு முன் சில விஷயங்களை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பேசும் காட்சிகளை முதல் கட்டத்திலேயே முடிக்க வேண்டும். ஓடுவது, சைக்கிள் ஓட்டுவது, தூரத்தில் தெரிவது போன்ற காட்சிகளைக் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளலாம். ஒவ்வொரு வரியையும் படம்பிடித்த அன்றே, அதே இடத்தில், கேமரா இல்லாமல் ஒருமுறை வைல்ட் டிராக்காகப் பதிவுசெய்ய அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று, டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டுமே உதவும் பைலட் டிராக்கை மட்டும் எடுக்கச் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளையின் குரலுக்கு வேறொருவரைப் பேச வைப்பதானாலும், இப்போது சிலர் கேட்பதுபோலக் கணினியில் அதன் பழைய குரலைப் புதிதாகச் செய்வதானாலும், பிள்ளையும் வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். 'கட்'டுக்குப் பிறகு பதிவானது எதையும் யாரும் கேட்கக் கூடாது.

கடைசி நிபந்தனை போன வருஷம் ஒரு படத்தில் சேர்த்தது. முதல் பிரதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போது நானும் அறையில் இருப்பேன் என்பது அது. பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "யக்கா, என் குரல் இவ்வளவு கேவலமாவா இருக்கு?" அந்தப் படத்தில் நடித்த பெண் தன் குரல் கட்டையாக இருக்கிறது, வேறு யாரையாவது பேச வையுங்கள் என்று நேரடியாகவே கேட்டாள். தயாரிப்பாளருக்கும் அதுதான் ஆசை. கதாநாயகிக்குத் தேன் குரல் இருந்தால் விற்கும். கையெழுத்திட்ட தாள் அவள் பக்கம். அவள் சம்மதித்தால் மாற்றியே ஆக வேண்டும். அவளை உட்காரவைத்து, டப்பிங் கலைஞர் ஒருவர் பேசிய ஒரு காட்சியையும் அவளே பேசியதையும் அடுத்தடுத்துப் போட்டேன். என் கருத்தைச் சொல்லவில்லை. அவள் இரண்டையும் மறுபடி கேட்டாள், பிறகு அம்மாவைக் கூப்பிட்டு அவர்களையும் கேட்க வைத்தாள். அம்மா, "அந்தப் பொண்ணு யாருன்னு தெரியல, இது நம்ம வீட்டுல கேக்குற சத்தம்" என்றார். படம் அவள் குரலில் வந்தது. அவளுக்கு இன்னமும் அது முழுசாகப் பிடிக்கவில்லை என்கிறாள். பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை; தன் குரலைப் பற்றி முடிவெடுத்தது அவள்தான் என்பதே எனக்குப் போதும்.